ஹெல்மெட் போட்ட நாரை

அவளிடம் விளையாட்டுக்குக்கூட யாரும் எதையும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அது சுவரில் வந்துவிடும்.

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. மாடியில் இருந்த ஒற்றை அறைக்கு அவள் குடிவந்த மறுநாள் காலை, என் கணவர் துணி காயப்போட்டபடியே, "இந்தத் தண்ணித் தொட்டியைப் பார்த்தா யானை உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கும்மா" என்று சும்மா சொல்லிவைத்தார். பேச்சுக்குச் சொன்னதுதான். சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது, தெருவில் நாலைந்து பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் மொட்டைமாடியில் ஒரு யானை உட்கார்ந்திருந்தது. கறுப்புத் தொட்டி முழுக்கச் சாம்பல் நிறம், இரண்டு பக்கமும் முறம்போல் காது. சுவரை ஒட்டி இறங்கும் தண்ணீர்க் குழாய் தும்பிக்கை ஆகியிருந்தது. ஒரு கண் திறந்திருக்க, இன்னொரு கண்ணால் எதிர்வீட்டைப் பார்த்துச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?" என்றேன்.

"சார்தான் கேட்டாரு டீச்சர்."

"நானா? நான் எப்பம்மா கேட்டேன்?" என்றார் என் கணவர், பதறிப்போய்.

"இன்னா சார், காலைல அவ்ளோ ஆசையா சொன்னீங்க!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு யானையைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு இல்ல?" என்றார். அன்று முதல் எங்கள் வீடு யானை வீடு. கேஸ் கொண்டுவருபவர் முகவரியே கேட்பதில்லை.

அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தெருவிலும் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட 'பெயின்ட் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். கோவளம் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம் அவள் ஊர். பள்ளிக்கூடம் படிக்கும்போதே படகுகளுக்குப் பேர் எழுத ஆரம்பித்திருக்கிறாள். பேர் எழுதச் சொன்னவர், "முன்னாடி ரெண்டு கண்ணும் வெச்சிடு" என்றாராம். இன்னொருவர், "என் படகுக்குப் பல்லும் வேணும்" என்றாராம். அங்கிருந்து கிளம்பியதுதான். ஸ்ப்ரே அடிப்பதைப் போனில் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டாள். நான் அவளைப் பார்த்த காலத்தில், பழைய மகாபலிபுரம் சாலையின் காபிக் கடைகளும் உடற்பயிற்சிக் கூடங்களும் அவளைத் தேடி வந்துகொண்டிருந்தன. முழங்கைவரை எப்போதும் ஏதாவது நிறம் ஒட்டியிருக்கும். தோள்பையில் ஸ்ப்ரே டப்பாக்கள் கடகடவென்று குலுங்க அவள் மாடிப்படி இறங்கினால், எங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பார்க்காமலேயே நான் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன்.

யார் என்ன கேட்டாலும் அவளுக்கு ஒரே பதில்தான். "போட்டுடலாம்!" சொல்லும்போதே கண் அகலமாகிவிடும், ஏதோ தனக்குப் பரிசு கொடுத்துவிட்டதுபோல. இந்தப் பெண்ணுக்கு இல்லை என்று சொல்லவே தெரியாதா என்று நான் கவலைப்பட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் கொண்டுவரும் அவள் அம்மாவுக்கும் அதே கவலை. "யாரு இன்னா கேட்டாலும் சரின்றா டீச்சர். நாளைக்கு எவனாச்சும் அந்தக் கோபுரத்து உச்சில போய் நில்லுன்னா நிப்பா" என்பாள்.

"எந்தக் கோபுரம்மா? பெயின்ட் எத்தினி டப்பா எடுத்துகினு போணும்?" என்பாள் மகள்.

ஏரிக்கரைச் சுவர் விவகாரம் இப்படி இருந்த சமயத்தில்தான் வந்தது.

ஏரியைச் சுத்தம் செய்து, நடைபாதை போட்டு, தெருப் பக்கமாக நீளமாக ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். அதில் ஏரிப் பறவைகளை வரைய வேண்டும் என்று அவளுக்கு வேலை வந்தது. வேலையைக் கொடுத்த அதிகாரி வந்து சுவரைக் காட்டி, "பறவைங்க. தண்ணி. அவ்வளவுதான். மக்கள் பார்த்து ஏரி மேல அக்கறைப்படணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளும் தண்ணீரை வரைந்தாள், கோரைப்புல்லை வரைந்தாள், ஒரு கொக்கையும் வரைந்தாள். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது.

பிறகு ஜனங்கள் நடக்க வந்தார்கள்.

முதலில் கேட்டவர் எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர். ஹெல்மெட்டைக் கழற்றாத மனிதர். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு நடந்து பால் பூத்துக்குப் போனாலும் ஹெல்மெட்டோடுதான் போவார். கழற்றினால் எங்காவது மறந்து வைத்துவிடுவாராம். தயிர் பாக்கெட்டோடு நின்று பார்த்தவர், "நம்ம தெரு ஆள் ஒருத்தர் ஓரமா நின்னு கொக்கைப் பார்க்கிற மாதிரி இருந்தா நல்லா இருக்குமே" என்றார்.

"போட்டுடலாம்! நீங்களே நில்லுங்கண்ணா."

ஹெல்மெட்டும் தயிர் பாக்கெட்டுமாக அவர் சுவரேறினார். அதைப் பார்த்துவிட்டு, ஆடு வளர்க்கும் அம்மா ஒருவர் தன் கடாவை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். "ராஜா இல்லாத ஏரிக்கரை ஒரு ஏரிக்கரையாம்மா?" ராஜாவும் ஏறினான். ஒரு கல்யாண ஜோடி ஏறியது. ஒரு மினி பஸ் ஏறியது. சுண்டல் வண்டி ஏறியது. என் கணவர் எனக்குத் தெரியாமல் போய், கல்லூரிக் காலத்தில் தமக்கு இருந்த முடியோடு தம்மை வரையச் சொல்லிவிட்டு வந்தார். நான் நடக்கப் போனபோது, சுவரில் அடர்ந்த சுருட்டை முடியோடு ஒரு ஆள் ஸ்டைலாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்து, "யாருடி இது, நல்லா இருக்கானே" என்று பக்கத்தில் வந்த தோழியிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அவரே ஒப்புக்கொண்டார். ஒரு வாரம் தெருவில் யாரும் டிவி பார்க்கவில்லை. எல்லாரும் சுவரடியில்தான்.

எதிர்வீட்டு சார் மட்டும் வரவில்லை. வங்கியில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்றவர், அளந்து பேசுபவர். அவருடைய ஒரே மகள் தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து அந்த வீட்டில் அவளைப் பற்றிப் பேச்சே கிடையாது. மனைவி அவருக்குத் தெரியாமல் போனில் பேசுவார். பேசுவது அவருக்குத் தெரியும். தெரியாததுபோல் அந்த நேரத்துக்கு வெளியே போய்விடுவார்.

ஒருநாள் விடிகாலை, ஜனம் வருவதற்கு முன்னால், அவர் சுவரடிக்குப் போயிருக்கிறார். இதை அவளே பின்னால் எனக்குச் சொன்னாள். சுவரில் ஏறியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு வந்து நின்றாராம்.

"ஒரு சின்னப் பொண்ணு" என்றாராம். "ரெட்டைப் பின்னல். சிவப்பு ரிப்பன். சைக்கிள் ஓட்டிட்டு வரா. பெல் அடிச்சிட்டே இருப்பா, ரோட்ல ஆளே இல்லைன்னாலும் அடிப்பா."

"போட்டுடலாம் சார். மூஞ்சி எப்டி?"

"மூஞ்சி வேண்டாம்மா. யாருன்னு தெரிஞ்சிடும்."

முதுகைக் காட்டியபடி, ஏரியைப் பார்த்துச் சைக்கிள் ஓட்டிப் போகும் பெண்ணை அவள் வரைந்தாள். கட்டைவிரல் பெல்லின் மேல். எங்களுக்கெல்லாம் அது யாரோ ஒரு பெண். எதிர்வீட்டு சார் மட்டும் தினமும் அந்த இடத்தில் வந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அதிகாரி பார்வையிட வந்த அன்று தெருவே திரண்டிருந்தது. அவர் ஒரு முனையிலிருந்து நடந்தார். கொக்கைப் பார்த்துத் தலையாட்டினார். ஹெல்மெட்டைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். மினி பஸ்ஸைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏம்மா, நான் கேட்டது பறவை. இங்க ஊரே நிக்குது?"

"எல்லாரும் ஆசையா கேட்டாங்க சார்."

"யார் கேட்டாலும் போட்டுடுவியா? மேலேருந்து ஆள் வராங்க. இந்தச் சுவர்ல பறவையைத் தவிர வேற ஒண்ணு இருக்கக் கூடாது. எல்லாத்தையும் மாத்திடு."

நாங்கள் எல்லாரும் அவள் வாயைப் பார்த்தோம். இப்போதாவது முடியாது என்று சொல்வாள் என்று நினைத்தோம்.

"மாத்திடலாம் சார்!" என்றாள் அவள், அதே அகலமான கண்ணோடு.

தெரு இடிந்துபோனது. ஆட்டுக்காரம்மா நேராகவே திட்டினார். ஹெல்மெட் அண்ணன் தயிர் வாங்க வேறு வழியாகப் போனார். எதிர்வீட்டு சார் கேட்டைப் பிடித்துக்கொண்டு சுவர் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிடக்கூட உள்ளே போகவில்லை என்று அவர் மனைவி வந்து சொன்னபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாடிக்கு ஏறிப் போய், "ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லக் கூடாதா?" என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்து பறவைப் படங்களாகப் போனில் தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், உங்க வூட்டுக்காரருக்குக் கொண்டை வெச்ச பறவை ஒண்ணு வேணும். பேர் இன்னா அதுக்கு?"

"கொண்டலாத்தி."

"ஆங்! அதான். அவரு அதுதான்."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

அடுத்த சில நாட்கள் எங்கள் தெருவுக்குத் திருவிழா. யார் என்ன பறவை என்பதுதான் பேச்சு. கல்யாண ஜோடி தங்களுக்கு அன்னம்தான் வேண்டும் என்றது. இந்த ஏரியில் அன்னம் கிடையாது என்று சொல்லி நத்தைகுத்தி நாரையாக்கிவிட்டாள். மினி பஸ், ஜன்னலுக்கு ஒரு தலையாக முக்குளிப்பான்கள் எட்டிப்பார்க்கும் நீளக் கூடானது. சுண்டல் வண்டிக்காரர் மீன்கொத்தியாகி, மூக்கில் பொட்டலத்தோடு நின்றார். எதிர்வீட்டு சார் மறுபடியும் விடிகாலையில் போய் நின்றார்.

"சைக்கிள் பொண்ணு இன்னா பறவை சார்? நீங்களே சொல்லுங்க."

அவர் ரொம்ப யோசித்துவிட்டு, "தாழைக்கோழி" என்றாராம். "நீலமா இருக்குமே. எப்பப் பாரு சத்தம் போட்டுட்டே இருக்கும்."

அதிகாரி மறுபடி வந்தார். அன்றைக்கு அந்தச் சுவரில் பறவையைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை. அவர் மெதுவாக நடந்தார். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தது.

"ஏம்மா, இந்த நாரை எதுக்கு ஹெல்மெட் போட்டிருக்கு?"

"ரோட்டு மேல பறக்குது சார். சேஃப்டி."

"மூக்குல என்ன?"

"தயிர் சார்."

அவர் ஹெல்மெட் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் மரியாதைக்காக ஹெல்மெட்டைக் கழற்றினார். அவருக்கு நரைத்த முடி என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதிகாரி மேலே நடந்தார். தாடியும் கொம்புமாக இறக்கையை விரித்து நின்ற ஒன்றின் முன் நின்றார்.

"இது ஆடு."

"கூழைக்கடா சார்."

"ஆடும்மா இது!"

"பேர்லயே கடா கீதே சார்!"

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. ஆட்டுக்காரம்மா என்றுதான் நினைக்கிறேன். பிறகு அதிகாரியின் உதடு துடித்தது. அவர் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. "பறவைதான்" என்றார் கடைசியில், மூச்சு வாங்கியபடி. "எல்லாம் பறவைதான். நான் என்னத்த சொல்றது."

அந்தச் சுவரின் படங்கள் போன் போனாகச் சுற்றின. ஒரு சனிக்கிழமை காலை, பெருங்களத்தூர் பக்கமிருந்து ஒரு ஆட்டோ வந்து சுவரடியில் நின்றது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் இறங்கினாள். எதிர்வீட்டு சாரின் மகள். சைக்கிளில் போகும் நீலப் பறவையின் முன்னால் நின்றாள். சிவப்பு ரிப்பன் கட்டிய கொண்டை, பெல்லின் மேல் ஒரு கால்விரல். அப்பா அந்த நேரத்தில் செருப்பு வாரைச் சரிசெய்ய வருவார் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. அம்மாவாகத்தான் இருக்கும்.

அவர் வந்தார். செருப்பு வாருக்குக் குனிந்தவர், மகளைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"ஏம்ப்பா" என்றாள் அவள். "ஊர்ல எத்தனை பறவை இருக்கு. மயில் இருக்கு, கிளி இருக்கு. நான் தாழைக்கோழியாப்பா?"

"நீ என்ன கொஞ்சமாவா சத்தம் போடுவே?" என்றார் அவர். பிறகு குழந்தைக்குக் கையை நீட்டினார். அது உடனே தாவி வந்து, அவர் காதுக்குள் ஓவென்று கத்தியது. தெருவே கேட்க அவர் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

இந்தச் சுவருக்குப் பிறகு அவள் பெயர் பரவியது. நாவலூரில் ஒரு புதிய அடுக்குமாடிக் குடியிருப்பின் பக்கச் சுவர், தரையிலிருந்து உச்சிவரை, அவளுக்குக் கிடைத்தது. பெரிய வேலை. சந்தோஷமாகத்தான் போனாள். ஆனால் நாட்கள் போகப் போக, திரும்பி வரும்போது படியில் டப்பாக்களின் சத்தம் மட்டும்தான் கேட்டது. பேச்சைக் காணோம். வேலை முடியும் நாளில், பள்ளி விடுமுறை என்பதால் நானும் பார்க்கப் போனேன்.

சுவரைச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருந்தார்கள். திறப்புவிழா வரைக்கும் யாரும் பார்க்கக் கூடாதாம். உள்ளே சுவரில், அவர்களே ஏற்கெனவே முடிவுசெய்து கொடுத்த அலைகள், இலைகள். துல்லியமாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. வலைக்குள்ளே அவளைத் தவிர ஒரு காவலாளி மட்டும்.

"நீங்களாச்சும் எதனா கேளுங்கண்ணா" என்று அவரிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

"எனக்குப் பேச பர்மிஷன் இல்லம்மா" என்றார் அவர் பாவமாக.

மேலாளர் வந்தார். நல்ல மனிதர். வேலையை மனதாரப் பாராட்டினார். அடுத்து எழும்பும் கட்டிடங்கள் எல்லாமே அவளுக்குத்தான், வருஷக்கணக்கில் வேலை இருக்கும் என்றார். "இங்க மாதிரியே வலை கட்டிக் கொடுத்துடுறோம். யாரும் வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்க. ஒருத்தரும் எதுவும் கேட்க மாட்டாங்க."

"அப்ப வேணாம் சார்" என்றாள் அவள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேலாளரைவிட எனக்குத்தான் அதிகம். யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசித்துவிட்டதாகச் சொல்லி, கும்பிட்டுவிட்டு, டப்பாக்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள். கேட்டைத் தாண்டியதும் ரோட்டிலேயே ஒரு குதி குதித்தாள். பை கடகடவென்று குலுங்கியது.

சோழிங்கநல்லூரில் மேடவாக்கம் போகும் ஷேர் ஆட்டோ பிடித்தோம். "உனக்கு இல்லைன்னு சொல்லத் தெரியும்னு இன்னிக்குத்தாம்மா எனக்குத் தெரியுது" என்றேன்.

"எனக்கு வெறும் செவுத்தப் பாத்தா ஒண்ணுமே தோணாது டீச்சர். எவனாச்சும் வந்து நின்னு, ஓரமா ஒரு ஆடு போடேன்னு சொன்னாத்தான் இங்க எதனா ஓடும்" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினாள். "நீங்கள்லாம் நான் பாவப்பட்டுப் போடுறேன்னு நெனச்சிகினு கீறீங்க. அய்யே! நான் அதுக்காவத்தான் ரோட்ல நின்னுகினு கீறேன்."

ஆட்டோ ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "படம் போடுற பொண்ணாம்மா நீ?"

"ஆமாண்ணா."

"என் வண்டிக்குப் பின்னாடி ஒண்ணு போடேன். பின்னாடி வர்றவன்லாம் ஆரன் அடிச்சே என்னப் பேஜார் பண்றான். நான் சிரிக்கிற மாதிரி போட்டு வுடு. அதப் பாத்தாச்சும் அவன் சிரிக்கட்டும்."

"போட்டுடலாம்! ஓரம் கட்டுங்கண்ணா."

எனக்குத்தான் சங்கடம். வண்டியிலிருந்த மற்றவர்கள் கத்தப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் வழியிலிருந்த சதுப்புநிலத்து ஓரமாக வண்டி நின்றதும், மடியில் பூக்கூடை வைத்திருந்த அம்மா, "அவனை மட்டும் போட்டா எப்டி? நாங்கதான உள்ள குந்திகினு வர்றோம், எங்களையும் போடு" என்றார். காதில் இயர்போனோடு போன் மீட்டிங்கில் இருந்த இளைஞன், "சார், இங்க சிக்னல் இல்ல, அப்புறம் வரேன்" என்று அணைத்துவிட்டு, "அக்கா, நான் ஜன்னலோரம்" என்றான். வெயில் தாழ்ந்திருந்தது. தண்ணீர்ப் பரப்பெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தது. அவள் டப்பாவைக் குலுக்கினாள். பூக்கார அம்மாவுக்கு மூக்குத்தி வேண்டும், ஓட்டுநருக்கு மீசை இன்னும் தடிமனாக வேண்டும், எனக்குக் கண்ணாடி வேண்டாம் என்று ஆளுக்கொன்று கத்தினோம். நானும்தான் கத்தினேன். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள்.

அடுத்த வருடம் அவள் எங்கள் மாடியைக் காலி செய்தாள். யாரோ எங்கிருந்தோ கூப்பிட்டிருந்தார்கள், தெருவெல்லாம் கடைவீதியாம், ஜனம் நெரியுமாம், அதனால்தான் போகிறேன் என்றாள். இப்போது எந்த ஊரில் எந்தச் சுவரடியில் யார் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாளோ தெரியாது. அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஷேர் ஆட்டோவில் வந்த அந்தச் சாயங்காலம்தான்.

பெயின்ட் காய்ந்ததும் எல்லாரும் ஏறிக்கொண்டோம். வண்டி கிளம்பியது. பின்னால் ஒரு வேன் வேகமாக வந்து, ஹார்ன் அடிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தியது. உள்ளே இருந்தவர்கள் எங்கள் முதுகுப்பக்கத்தைப் பார்த்துக் கை காட்டினார்கள். முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டியவருக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. மேடவாக்கம் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"சிரிக்கிறானா? பின்னாடி வர்றவன் சிரிக்கிறானா?"

"சிரிக்கிறாண்ணா!" என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து கத்தினோம். "சிரிக்கிறான்! நீங்க ஓட்டுங்க!"